நூற்றுப் பதினேழாம் கொத்து

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் நிலையத்தின் இயக்குநர் ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! அளவீட்டுப் பிரிவிலிருந்தும் பட்டறையிலிருந்தும் வாயில் காவலிலிருந்தும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே! முதல் வரிசையில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கும் எங்கள் அக்காவின் கணவரே, மாமா அவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். என்ன பேச வேண்டும் என்று அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து ஒரு தாளும் தந்தார்கள். ‘அமைதியே உருவானவர், யாரையும் கடிந்து பேசாதவர்’ என்று அதில் இருக்கிறது. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். கண்ணீர் விட வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது கோபம் மட்டும்தான்.

இரங்கல் கூட்டத்தில் கோபப்படலாமா என்று கேட்பீர்கள். வேறு எங்கே கோபப்படுவது? முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவருக்காக இந்த நிலையம் கூட்டிய முதல் கூட்டம் இதுதானே!

கொத்தக்கா! நட்சத்திரக் கொத்துகளுக்கு வயது சொன்ன முதல்நிலை அளவீட்டு உதவியாளர் கொத்தக்கா! என்ன வேலை செய்தார் அவர்? நம் பால்வெளிக்குப் பக்கத்து வீடு மாதிரி ஒரு சின்ன விண்மீன் மண்டலம் இருக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான நட்சத்திரக் கொத்துகள். ஒரு கொத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை. கொத்துகளின் வயது தெரிந்தால் அந்த மண்டலம் எப்போது வேகமாக வளர்ந்தது, எப்போது சும்மா கிடந்தது என்ற முழு வரலாறும் தெரிந்துவிடும். ஆனால் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதை அவர் கேண்டீனில் ஒருநாள் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

“பெரிசா, நீலமா, பளிச்சுன்னு எரியறதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துடும். சின்னதா, சிவப்பா, அடக்கமா இருக்கிறது ரொம்பக் காலம் ஓடும். அதனால ஒரு கொத்துல யார் போயிட்டாங்க, யார் இன்னும் மிச்சம் இருக்காங்கன்னு பார்த்தா வயசு வந்துடும்.”

பட்டறைக்காரர் ஒருவர் கேட்டார்: “அப்போ நம்ம ஆபீஸ்லயும் அப்படித்தானா அக்கா?”

“சேச்சே. இங்க பளபளன்னு இருக்கிறவங்கதான் ஓய்வு வயசைத் தாண்டியும் உட்கார்ந்திருக்காங்க.”

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தோம். மேடையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பரவாயில்லை.

என் வேலை தூசி. நமக்கும் அந்தக் கொத்துகளுக்கும் நடுவில் இருக்கும் தூசி, நட்சத்திரத்தை மங்கலாகவும் சிவப்பாகவும் காட்டும். சிவந்து தெரிந்தால் கொத்துக்கு இல்லாத வயதைக் கூட்டிச் சொல்லிவிடுவோம். எவ்வளவு தூசி என்று அளந்து அவரிடம் கொடுப்பதுதான் என் உத்தியோகம். அதனால் எனக்குத் ‘தூசித் தம்பி’ என்று பெயர் வைத்தார். எதிர் மேசையில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் பக்கம் அவர், சுவர்ப் பக்கம் நான். நடுவில் ஒரு மேசைவிளக்கு; அதன் கழுத்து ஒடிந்து, பிளாஸ்திரி சுற்றியிருக்கும். புது விளக்குக்கு ஒன்பது முறை எழுதிக் கொடுத்தோம். வரவே இல்லை.

அவர் வேலை செய்கிற முறையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கொத்தையும் இரண்டு தடவை அளப்பார். முதல் தடவை அளந்து சில வருடம் கழித்து, வேறு வரிசையில், வேறு படங்களில் மறுபடியும். அப்போது படத்தின் ஓரத்தில் இருக்கும் கொத்தின் எண்ணை ஒரு துண்டுக் காகிதம் வைத்து மூடிவிடுவார். அந்தத் துண்டு என்ன தெரியுமா? பஸ் டிக்கெட். மாமா பேருந்து ஓட்டுநர்; டிப்போவில் மிஞ்சிய பழைய டிக்கெட் கட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார். முன்பு என்ன வயது எழுதினோம் என்று தெரிந்துவிட்டால் கை தானாக அந்தப் பக்கமே சாயும் என்பது அக்காவின் கட்சி. “எனக்கு நானே சாட்சி சொல்லக் கூடாது தூசி” என்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் தடவை. இருநூற்று எண்பத்தாறு கொத்துகள்! முதல் சுற்றுக்கு மட்டும் ஆறு வருடம்!

அந்த முதல் சுற்று முடிந்த மாதம் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் விடுப்பு. பதினோரு வருடத்துக்கு முன்னால்.

தோழர்களே, இனி நான் சொல்லப்போவதை நன்றாகக் கேளுங்கள். இதில் முதல் குற்றவாளி நான்.

இன்றைய இயக்குநர் ஐயா அன்றைக்கு எங்கள் பிரிவுத் தலைவர். என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவே புதுசு. “உங்க அக்கா படுத்திருக்காங்க. பாவம். அந்த முதல் சுற்று ஃபைலைக் கொண்டா. நானே ஒழுங்குபண்ணி அனுப்பிடறேன். அவங்க பேரு இல்லாம போகுமா? உன் பேரும் வரும்” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பேரும் வரும் என்ற சொல் காதில் இனித்தது. ஒளிக்க மாட்டேன். இனித்தது.

அக்கா இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். பட்டியல் ஆராய்ச்சி இதழுக்குப் போய்விட்டது என்று சொன்னேன். “சரிபார்க்காமயா?” என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அன்றைக்கே இரண்டாம் சுற்றைத் தொடங்கிவிட்டார். முதல் வாரத்திலேயே ஒன்று மாட்டியது.

நூற்றுப் பதினேழு.

தனித்தனி நட்சத்திரமாகப் பிரியாத, வட்டமான, மங்கலான ஒரு திட்டு. அப்படிப்பட்ட கொத்துக்கு அதன் மொத்த நிறத்தை வைத்துத்தான் வயது சொல்ல முடியும். முதல் சுற்றில் அக்கா அறுபத்தொரு கோடி ஆண்டு என்று எழுதியிருந்தார். இரண்டாம் சுற்றுக்கு வந்த படங்கள் கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைத்து எடுத்தவை. கேமராவை எப்படித் திருப்பினாலும் வானத்தில் இருப்பது வானத்தில் தன் இடத்திலேயே இருக்கும். நூற்றுப் பதினேழு நகர்ந்துவிட்டது! பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய நட்சத்திரத்தின் வெளிச்சம், கேமராவின் கண்ணாடிகளுக்குள்ளேயே பட்டுத் திரும்பி, வேறோர் இடத்தில் விழுந்திருக்கிறது. எங்கள் பிரிவில் அதைப் ‘பேய்’ என்போம். படத்தில் இருக்கும், வானத்தில் இருக்காது.

அக்கா நோட்டில் சிவப்புப் பென்சிலால் எழுதினார். இதோ, மாமாவின் பையிலிருந்து வாங்கி வந்திருக்கிறேன், படிக்கிறேன்: ‘117 கொத்து இல்லை. பேய். நீக்கவும். தவறு என்னுடையது.’ கீழே தேதி, கையெழுத்து.

தவறு என்னுடையது! இந்தக் கட்டடத்தில் இந்த இரண்டு சொல்லையும் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் வேறு யாராவது உண்டா? இருந்தால் கை தூக்குங்கள், நான் இறங்கிவிடுகிறேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு நேரே பிரிவுத் தலைவர் அறைக்குப் போனார். தன் பெயர் என்ன ஆனது என்று கேட்கப் போகவில்லை. ‘அச்சாவதற்கு முன்னால் திருத்திவிடுங்கள், நிலையத்துக்குக் கெட்ட பெயர் வரும்’ என்று சொல்லப் போனார். திருடின கையைத் தட்டிவிடப் போகவில்லை. அந்தக் கை சுட்டுக்கொள்ளக் கூடாதே என்று போனார். கதவு திறந்திருந்தது. தூசி அட்டவணையோடு நான் வெளியே நின்றிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

“சார், பட்டியல்ல ஒரு எண்ணு தப்பா…”

“அக்கா, அளவெடுக்கிறது உங்க வேலை. அர்த்தம் சொல்றது என் வேலை. பட்டம் முடிக்காதவங்க பட்டியலைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நாளைக்கு வாட்ச்மேனும் வந்து நிப்பாரு.”

“இல்ல சார், எந்த எண்ணுன்னாவது…”

“கதவைச் சாத்திட்டுப் போங்க. ஏசி போகுது.”

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார். அதையும் மெதுவாகத்தான் சாத்தினார்.

எந்த எண் என்று கேட்க ஒரு நொடி ஆகுமா, ஐயா? ‘எந்த எண்ணு?’ இரண்டே சொல். அதைக் கேட்டிருந்தால் நீங்கள் இன்றைக்குத் தப்பித்திருப்பீர்கள்.

அடுத்த மாதம் பட்டியல் அச்சாகி வந்தது. முதல் பெயர் இயக்குநர் ஐயாவுடையது. இரண்டாவது, அவருக்கு வேண்டிய ஒருவர். மூன்றாவது நான். கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில், ‘அளவீடுகளில் உதவிய அலுவலர்களுக்கு நன்றி’. அலுவலர்கள்! கொத்தக்கா அந்த ‘கள்’ளுக்குள் எங்கேயோ இருக்கிறார், தேடிக்கொள்ளுங்கள்! அந்தப் பட்டியலைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அவருக்கு இயக்குநர் பதவி வந்தது. எனக்கும் ஒரு படி உயர்வு வந்தது, வாங்கிக்கொண்டேன். அக்காவிடம் இதழைக் காட்டினேன். பெயர்களை அவர் பார்க்கவே இல்லை. “நூத்திப் பதினேழு இருக்கான்னு பாரு” என்றார். இருந்தது. அறுபத்தொரு கோடி என்று வயதும் போட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பேய்க்கு வயசு சொன்ன முதல் ஆளு இவருதான் தூசி.”

“ஊரெல்லாம் சொல்லிடலாமா அக்கா?”

“எல்லாத்தையும் அளந்து முடிச்சிட்டுச் சொல்லலாம். அரைகுறையா போய் நின்னா, எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?”

பொறுங்கள். தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். சத்தமாகவே படித்துவிடுகிறேன்: ‘நேரமாகிறது. சுருக்கமாக முடிக்கவும்.’ ஐயா, பதினோரு வருடம் சுருக்கமாக இருந்தவர்கள் நாங்கள். மைக் செட்டுக்காரரே, பொத்தானில் கை வைக்காதீர்கள். இருபத்தாறு வருடம் பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை இது.

முடிப்பதற்கு அக்காவுக்குப் பதினோரு வருடம் பிடித்தது. ஓய்வு பெற்ற பிறகும் பார்வையாளர் அட்டை வாங்கிக்கொண்டு தினமும் வந்தார். வாயில் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ‘மீதி வேலை’ என்று எழுதியிருப்பார். பட்டியலின் இரண்டாம் பதிப்பு போட இயக்குநர் ஐயா முடிவு செய்தார். அந்த வாரமே அக்காவுக்கு அட்டை தரக் கூடாது என்று உத்தரவு வந்தது. காரணம்? பாதுகாப்பு! இடுப்புப் பட்டை போட்ட அறுபது வயது அம்மாவிடமிருந்து இந்தக் கட்டடத்தைப் பாதுகாத்தார்கள்! வாயிற்காவலர் இங்கேதான் இருக்கிறார். அன்றைக்கு அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “என்னை மன்னிச்சிருங்கம்மா” என்று நின்றதைப் பார்த்தவன் நான்.

மீதம் பத்தொன்பது கொத்துகள் இருந்தன. படங்களைப் பிரதி எடுத்து நான் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு மேசையில் வைத்து அளந்தார். அதற்குள் அவருக்கு நோய் வந்து முற்றிவிட்டது, கை நடுங்கியது. டிக்கெட்டை எண்ணின் மேல் சரியாக வைக்க முடியவில்லை. மாமாதான் வைத்தார். அவருக்கு நட்சத்திரமும் தெரியாது, கொத்தும் தெரியாது. மனைவி எண்ணைப் பார்த்துவிடக் கூடாது என்பது மட்டும் தெரியும். ஒருநாள் அவர் சொன்னார்: “கோடி வருசக் கணக்கெல்லாம் சரியா சொல்ற, என் வயசை மட்டும் எல்லார்கிட்டயும் ரெண்டு கூட்டிச் சொல்றியே.” அக்கா தலை நிமிராமல், “நடுவுல தூசி இருக்கு” என்று என்னைக் காட்டினார். வாய்விட்டுச் சிரித்தோம். கடைசிக் கொத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

ஐயோ, என் அக்கா! கேளுங்கள், தோழர்களே! அச்சான பட்டியலில் முப்பத்தொன்பது கொத்துகளின் வயது தவறு என்று அவர் காட்டியிருக்கிறார். அதைச் சொல்லக் கட்டடத்துக்குள் விடவில்லை!

இதோடு போயிருந்தால்கூட நான் அந்தத் தட்டச்சுத் தாளையே படித்துவிட்டு இறங்கியிருப்பேனோ என்னவோ. பயந்தவன் நான். ஆனால் மூன்று நாளைக்கு முன்னால் இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழ் மாமா வீட்டுக்குப் போனது. அதில் ஓர் அறிவிப்பு. உங்கள் கையிலும் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ‘அறுபத்தொரு ஆண்டுகள் வாழ்ந்த அம்மையாருக்கு, அறுபத்தொரு கோடி ஆண்டுகள் வயதுள்ள நட்சத்திரக் கொத்து காணிக்கை. இரண்டாம் பதிப்பில் அது அவர் பெயரால் அழைக்கப்படும். இயக்குநரின் சிறப்பு ஏற்பாடு.’

எந்த எண் என்று பார்த்தீர்களா? நூற்றுப் பதினேழு!

வரிசைப்படுத்திய பட்டியலில் அறுபத்தொன்று எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டியிருக்கிறார். வயது பொருந்துகிறது, எடுத்து வைத்துவிட்டார். இருநூற்று எண்பத்தாறில் வானத்திலேயே இல்லாத பொய் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றின் மேல் போய் விரலை வைத்தார்! அளந்தவருக்கு அது தெரியும். அளந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். அந்தப் பட்டியலுக்காக ஒரு நாள் கண்ணைக் கசக்கியிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் குற்றம் சாட்டவே வேண்டாம், தோழர்களே. அவரே அச்சடித்து, உறையில் போட்டு, வீடு வீடாக அனுப்பியிருக்கிறார்!

மாமா என்னைக் கூப்பிட்டு அழைப்பிதழைக் காட்டினார். கண்ணெல்லாம் ஈரம். “மாப்ளே, இதுக்கு அவ பேரு வைக்கிறாங்களாம். இது நல்ல கொத்துதானே?” என்று கேட்டார்.

தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து போய்விட்டேன். மாமா, இத்தனை பேர் முன்னால் இப்போது சொல்கிறேன். அங்கே ஒன்றுமே இல்லை, மாமா. வெறும் இருட்டு. உயிரோடு இருந்தபோது அவருடைய பெயரை எடுத்தார்கள். செத்த பிறகு அந்தப் பெயரை ஒன்றுமில்லாத இடத்தின் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். விடுவேனா? விட மாட்டேன்!

இன்று காலை ஒன்பதரைக்கு, இங்கே வருவதற்கு முன்னால், ஒரு வேலை செய்துவிட்டு வந்தேன். அக்காவின் நோட்டு மூன்றையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இதழின் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு கடிதம். ஃபைலை எடுத்துக் கொடுத்தவன் நான்தான், பட்டியலில் இருக்கும் என் பெயரை நீக்குங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா எழுதிய அதே இரண்டு சொல்லையும் எழுதினேன். என் வேலை போகலாம். போகட்டும்! கூடவே, ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். நூற்றுப் பதினேழை எப்போது, எந்தப் படத்தில், எப்படி அளந்தீர்கள்? பதில் சொல்லுங்கள் ஐயா. அர்த்தம் சொல்வது உங்கள் வேலைதானே! இந்த முறை கதவைச் சாத்தச் சொல்ல முடியாது.

கொத்தக்கா! உங்கள் படத்தின் முன்னால் நின்று சொல்கிறேன். இருநூற்று எண்பத்தைந்து கொத்துகளின் பட்டியலும் உங்கள் ஒருவர் பெயரில் வெளிவரும். வெளிவரும்வரை நான் ஓயப் போவதில்லை. அதில் என் பெயர் இருக்காது. நன்றி சொல்கிற பக்கத்தில்கூட இருக்காது. டிக்கெட் வைத்து எண்ணை மூடியவர் என்று மாமாவின் பெயர் இருக்கும். அளவீட்டுப் பிரிவில் இனி எந்தக் கொத்தையும் எண்ணை மூடாமல் இரண்டாம் முறை அளக்க மாட்டோம். இது எங்கள் எல்லோருடைய வாக்கு. எழுந்து நிற்கிறார்கள், பாருங்கள் அக்கா. வாயிற்காவலரும் நிற்கிறார்.

இயக்குநர் ஐயா, இப்போது நீங்கள் இரண்டு நிமிட மௌனத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு படம் தொங்குகிறது. வட்டமாக, மங்கலாக, அழகாகத்தான் இருக்கிறது. கீழே எங்கள் அக்காவின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தை யாரும் கழற்ற வேண்டாம். அவருடைய பெயரை மட்டும் எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். பங்குக்கு யாரும் வர மாட்டார்கள் ஐயா. அந்த இடத்தில் வேறு யாருமே இல்லை.